முன்சீப் கோர்ட்டிலிருந்து போன நீதிபதி

2023 நவம்பர் 23-ஆம் தேதி பாத்திமா பீவி கொல்லத்தில் காலமானார். வயது 96. அன்றைக்கு எங்கள் வழக்கறிஞர் சங்க அறையில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் இரண்டே விஷயத்தைத்தான் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்பது ஒன்று. 2001-இல் ஜெயலலிதாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்த ஆளுநர் என்பது இன்னொன்று. வயதில் மூத்தவர்களுக்கு இரண்டாவதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு முழு உத்தியோக வாழ்க்கை இருக்கிறது. 1958-இல் முன்சீப், அதாவது சிவில் வழக்குகளின் கீழ்ப்படி நீதிபதி. 1968-இல் சப் ஜட்ஜ். 1972-இல் தலைமைக் குற்றவியல் நடுவர். 1974-இல் மாவட்ட, அமர்வு நீதிபதி. 1980-இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உறுப்பினர். 1983-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989-இல் உச்ச நீதிமன்றம். ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. கீழ்க்கோர்ட்டில் பிழைப்பு நடத்துகிற சிவில் வக்கீல் நான். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த வரிசைதான். பெரிய நீதிபதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசி இரண்டு படியைத்தான் எழுதுவார்கள். நான் கொஞ்சம் கீழிருந்து வருகிறேன்.

1927 ஏப்ரல் 30, பத்தனம்திட்டா. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா மீரா சாகிப், அம்மா கதீஜா பீவி. ராவுத்தர் குடும்பம். திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் பட்டம் வாங்கினார். அதற்கு மேல் சட்டம் படிக்கச் சொன்னவர் அப்பா. மகளை விஞ்ஞானப் படிப்பிலிருந்து சட்டத்துக்குத் திருப்ப ஒரு முஸ்லிம் தகப்பனாருக்கு 1940-களில் எங்கிருந்து தைரியம் வந்தது என்றால், கண் எதிரே ஒரு முன்னுதாரணம் இருந்தது. அன்னா சாண்டி. திவானாக இருந்த சி.பி. ராமசாமி ஐயர் 1937-இல் அவரை முன்சீப்பாக நியமித்தார். சி.பி.யே சென்னையில் வக்கீல்களின் முன்வரிசையில் நின்றவர். சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று சட்டம் வந்ததே 1923-இல்தான். அதற்குப் பதினான்கே வருடத்தில் திருவிதாங்கூரில் ஒரு பெண் நீதிபதியாக உட்கார்ந்துவிட்டார். சமஸ்தானத்தில் திவான் நினைத்தால் நடக்கும். விண்ணப்பம், குழு, கோப்பு என்று சுற்ற வேண்டியதில்லை. சி.பி.யின் மற்ற காரியங்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. இந்த ஒன்றுக்குக் கும்பிடு போடலாம்.

பாத்திமா பீவி 1950-இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். நவம்பர் 14-ஆம் தேதி வக்கீலாகப் பதிவு செய்து, கொல்லத்தில் தொழிலை ஆரம்பித்தார். உச்ச நீதிமன்றம் தொடங்கியதும் அதே 1950-இல்தான், ஜனவரி 28. நீதிமன்றமும் அவரும் ஒரே ஆண்டில் கணக்கு ஆரம்பித்தார்கள். உள்ளே அவருக்கு ஒரு நாற்காலி கிடைக்க 39 ஆண்டு ஆயிற்று.

எட்டு வருடம் வக்கீலாக இருந்துவிட்டு 1958-இல் முன்சீப் ஆனார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அன்னா சாண்டி கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். கீழே ஒரு புது முன்சீப், மேலே உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண். அந்தக் காலத்தில் இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இந்தக் காட்சி கிடையாது.

இனி முன்சீப் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டாலே இளம் வக்கீல்கள் முகம் சுளிக்கிறார்கள். எல்லாருக்கும் சென்னை, இல்லாவிட்டால் மதுரைக் கிளை. முன்சீப் கோர்ட் என்றால் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, கடன் பத்திரம், வாடகை பாக்கி, அண்ணன் தம்பி சுவர் வழக்கு. நிஜம்தான். ஆனால் ஒரு நீதிபதி உருவாகிற இடம் அது.

ஒரு வரப்பு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கூண்டில் எழுபது வயது விவசாயி நிற்கிறார். வரப்பு முன்னால் எங்கே இருந்தது என்று வக்கீல் கேட்கிறார். அவர் கையைத் தூக்கி, "அந்தப் பக்கமுங்க" என்கிறார். கோர்ட் ஹாலில் அவருடைய கை காட்டுவது பெஞ்ச் கிளார்க்கின் மேஜையை. அவர் மனசுக்குள் நிற்பது அவருடைய நிலத்தில். நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு, "அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம் பெரியவரே? சூரியன் உதிக்கிற பக்கமா, உங்க கிணறு இருக்கிற பக்கமா?" என்று கேட்க வேண்டும். கிழவர் கண்ணை மூடி, தன் கிணற்று மேட்டில் நின்று பார்த்துவிட்டு, "கிணத்துக்குத் தெக்கால" என்பார். "கிணற்றுக்குத் தென்புறம்" என்று சாட்சியம் பதிவாகும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான் இனி மேலே போகும்.

கீழ்க்கோர்ட் தீர்ப்பின் மீது முதல் மேல்முறையீட்டில் சங்கதிகளைத் திரும்பப் பார்க்கலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போகிற இரண்டாம் மேல்முறையீட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவின்படி, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதாவது கிழவர் கை காட்டியதை யாரும் இரண்டாவது தடவை பார்க்கப் போவதில்லை. அவர் தயங்கினாரா, பொய் சொல்லும்போது எச்சில் விழுங்கினாரா, வக்கீல் அதட்டியதால் உளறினாரா என்பதெல்லாம் அந்த முன்சீப்புக்கு மட்டும் தெரியும். சாட்சியின் நடத்தையைப் பற்றி நீதிபதி குறிப்பு எழுதி வைக்கலாம் என்று அதே சட்டத்தில் 18-ஆம் கட்டளையில் ஒரு விதி இருக்கிறது. எழுதுகிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நேரம் எங்கே இருக்கிறது? காலையில் கூப்பிட வேண்டிய வழக்குப் பட்டியலே மதியம் வரை ஓடும்.

முன்சீப் கோர்ட்டில் கற்றுக்கொள்கிற இன்னொரு பாடம், எக்ஸ்பார்ட்டி. எதிர்த்தரப்பு வரவில்லை என்றால் வழக்கு ஒருதலையாகப் போய்விடும். வாதி சொல்வது எல்லாம் சரியாகவே இருக்கும், மறுக்க ஆளில்லையே. நல்ல முன்சீப்புகளுக்கு அந்தச் சுலபத்தின் மேல் ஒரு சந்தேகம் இருக்கும். "சம்மன் சரியா சார்வாச்சா? வீட்டுக் கதவுல ஒட்டினீங்களா, யார் முன்னால ஒட்டினீங்க?" என்று அமீனாவைத் துருவுவார்கள். பிறகு ஒருநாள் பிரதிவாதி அடித்துப் பிடித்து ஓடிவந்து, தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடுவார். அவர் கதையைக் கேட்டால் வழக்கே தலைகீழாக இருக்கும். பத்து வருடம் இதைப் பார்த்தவருக்கு, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் எதுவும் நியாயமாகத்தான் தெரியும் என்பதை யாரும் பாடமெடுத்துச் சொல்ல வேண்டாம்.

பாத்திமா பீவி பத்து ஆண்டு அங்கேதான் இருந்தார், 1958-இலிருந்து 1968 வரை.

அடுத்த படிகளை வேகமாகத் தாண்டலாம். சப் ஜட்ஜ் என்றால் பெரிய தொகை வழக்குகள், முன்சீப் தீர்ப்புகள் மீது மேல்முறையீடு. தலைமைக் குற்றவியல் நடுவர் என்றால் மாவட்டத்து நடுவர்களை எல்லாம் மேற்பார்க்கிற நிர்வாக வேலையும் சேரும். தீர்ப்பாயத்தில் ஒரு சட்ட உறுப்பினரும் ஒரு கணக்கு உறுப்பினரும் சேர்ந்து உட்காருவார்கள். வரப்புத் தகராறு பார்த்தவர் அங்கே பேலன்ஸ் ஷீட் பார்க்க வேண்டும். செஷன்ஸ் பற்றி மட்டும் ஒரு வரி. அமர்வு நீதிபதிக்குத் தூக்குத் தண்டனை விதிக்கிற அதிகாரம் உண்டு. ஆனால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. ஒரு உயிர் விஷயத்தில் தனி ஒரு நீதிபதியின் முடிவைச் சட்டம் அப்படியே விட்டுவிடுவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உச்சிக்குப் போக இன்னொரு சாலையும் உண்டு. அது வக்கீல்களின் சாலை. சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரக்கூடியவர் பி.வி. ராஜமன்னார். 1944-இல் அட்வகேட் ஜெனரல், அதாவது மாகாணத்து வக்கீல்களின் தலைமகன். 1945-இல் நீதிபதி. 1948-இல் தலைமை நீதிபதி. சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த நாற்காலியில் நிரந்தரமாக அமர்ந்த முதல் இந்தியர் அவர். 1961 வரை இருந்தார். நடுவில் சங்கீத நாடக அகாதமியின் முதல் தலைவர், பிற்பாடு நிதிக்குழுத் தலைவர், அதற்கும் பிற்பாடு மத்திய மாநில உறவுகள் பற்றிய குழுவின் தலைவர். முன்சீப் கோர்ட் மேடையில் ஒருநாள்கூட உட்கார வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

உயர் நீதிமன்றத்தில் உட்காராமல் வக்கீல் மேஜையிலிருந்து நேரே உச்ச நீதிமன்ற மேடைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 1964-இல் எஸ்.எம். சிக்ரி, அவர் 1971-இல் தலைமை நீதிபதியும் ஆனார். 2014-இல் யு.யு. லலித், 2022-இல் 74 நாள் தலைமை நீதிபதி. 2018-இல் இந்து மல்ஹோத்ரா, இந்த வழியில் போன முதல் பெண். 2023-இல் நம்ம பொள்ளாச்சியில் வளர்ந்த கே.வி. விஸ்வநாதன்.

உயர் நீதிமன்ற இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வக்கீல்களுக்கு, ஒரு பங்கு கீழ்க்கோர்ட் நீதிபதிகளுக்கு என்பது நெடுநாள் வழக்கம். இந்தக் கணக்கை வைத்து நடக்கிற சண்டை எல்லா ஊர் சங்க அறையிலும் உண்டு. "சர்வீஸ் ஜட்ஜ்களுக்குத் துணிச்சல் கிடையாது, மேலே யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று முப்பது வருடம் பயந்தே பழகியவர்கள்" என்று வக்கீல்கள் சொல்வார்கள். "பாரிலிருந்து வந்தவர்களுக்குச் சாட்சி விசாரணை தெரியாது, வந்த முதல் நாளே பேசிக் கவுக்கப் பார்ப்பார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பெரிய வக்கீலாக இருந்து வந்தவரிடம் ஒரு விரிவு இருக்கும். எந்த வாதத்துக்கும் அசர மாட்டார். அரசாங்கத்தைப் பார்த்து, "உட்காருங்கள்" என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இராது. சர்வீஸிலிருந்து வந்தவர் சாட்சியத்தைப் பக்கம் பக்கமாகப் படிப்பார். என் கட்சிக்காரருக்கு நல்ல சட்ட வாதம் இருந்தால் முன்னவர் முன்னால் போகவும், நல்ல சாட்சியம் இருந்தால் பின்னவர் முன்னால் போகவும் ஆசைப்படுவேன். அந்தத் தேர்வு நம் கையில் இல்லை என்பது வேறு விஷயம்.

கீழிருந்து வருகிறவர்களுக்கு உள்ள உண்மையான தடை வயது. உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65. முப்பது வயதில் முன்சீப் ஆனவர் படிப்படியாக ஏறி உயர் நீதிமன்றம் சேரும்போது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிடுவார். அங்கே மூப்பு சேர்ந்து டெல்லி கண்ணில் படுவதற்குள் ஓய்வு வந்துவிடும். பாத்திமா பீவிக்கும் அப்படித்தான் வந்தது. 1989 ஏப்ரல் 29-இல் கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 6-ஆம் தேதி, உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவி ஏற்றார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிற கொலீஜியம் அப்போது கிடையாது, அது 1993 தீர்ப்புக்கு அப்புறம் வந்தது. தலைமை நீதிபதியாக இருந்தவர் இ.எஸ். வெங்கடராமையா, ஆட்சியில் ராஜீவ் காந்தி அரசு, அதன் கடைசி மாதங்கள். வெங்கடராமையாவின் மகள் பி.வி. நாகரத்னா இன்றைக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி. மூப்பு வரிசைப்படி 2027-இல் முதல் பெண் தலைமை நீதிபதியாக வர வேண்டியவர். முதல் பெண் உள்ளே நுழைந்தபோது அப்பா தலைமை நாற்காலியில். அந்த நாற்காலிக்கு வரப்போகிற முதல் பெண் அவருடைய மகள். பார்த்துச் செய்தது எதுவும் இல்லை, வரலாறு சில நேரம் இப்படி விளையாடும்.

உச்ச நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்தது இரண்டரை ஆண்டு, 1992 ஏப்ரல் 29 வரை. அவ்வளவு நாளில் ஒரு நீதிபதி தன் முத்திரையைக் குத்த முடியாது. எனினும் 1991-இல் அவர் எழுதிய ஒரு தீர்ப்பை நான் அடிக்கடி வழக்கில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். கர்நாடகத்தில் ஒரு குடிசைப் பகுதி பற்றியது. பட்டியல் சாதி, நலிந்த பிரிவினர் நலச் சங்கம் தொடுத்த வழக்கு. குடிசைப் பகுதி என்று அரசு முதலில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பிறகு இன்னோர் அறிவிக்கையால் அதை மாற்றியது. நடுவில் அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அறிவிக்கையால் அந்த மக்களுக்கு ஒரு பலன் கிடைத்திருக்கிறது, அதை எடுப்பதற்கு முன் அவர்கள் பக்கத்தைக் கேட்டாக வேண்டும், சட்டத்தில் அப்படி வெளிப்படையாக எழுதியிருக்காவிட்டாலும் கேட்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரியில் இதை இயற்கை நீதி என்ற தலைப்பில் நடத்துவார்கள். எனக்கு அது எக்ஸ்பார்ட்டியைக் கண்டால் சந்தேகப்படுகிற பழைய முன்சீப்பின் குரலாகத்தான் கேட்கிறது.

சரி, இனி ராஜ்பவன்.

1997 ஜனவரி 25-இல் தமிழ்நாட்டு ஆளுநர் ஆனார். நீதிபதி ஆளுநர் மாளிகைக்குப் போவது நமக்குப் புதிதில்லை. ராஜமன்னாரே 1957 அக்டோபரிலிருந்து சுமார் நான்கு மாதம் சென்னை மாநிலத்தின் தற்காலிக ஆளுநராக இருந்திருக்கிறார். கேரளத்திலிருந்து ஒரு முன்னாள் நீதிபதி இங்கே வந்த மாதிரி, இங்கிருந்து பவானிப் பக்கத்துக்காரர் சதாசிவம், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்றபின், 2014-இல் அங்கே ஆளுநராகப் போனார். நீதிபதி நடுநிலையானவர், சட்டம் தெரிந்தவர், ஆளுநர் பதவிக்கு இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். பாத்திமா பீவியின் நாலரை வருடத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் 1999. ராஜீவ் கொலை வழக்கில் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கும் தூக்கு உறுதியாகி, கருணை மனு ஆளுநரிடம் வந்தது. அக்டோபரில் அவர் அதை நிராகரித்தார். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிராகரிப்பை ரத்து செய்தது. அரசியல் சாசனம் 161-ஆம் பிரிவின்படி கருணை காட்டுகிற அதிகாரம் ஆளுநர் பெயரில் இருந்தாலும், அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அதைப் பயன்படுத்த முடியும். இவர் அமைச்சரவையைக் கேட்காமல் தானே முடிவெடுத்துவிட்டார் என்பது காரணம். மனுக்கள் மறுபடி பரிசீலனைக்குப் போய், 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. அடுத்தவரைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்று 1991-இல் எழுதியவரின் உத்தரவு, அடுத்தவரைக் கேட்கவில்லை என்று எட்டு வருடத்தில் விழுந்தது. செஷன்ஸ் நீதிபதியாக இருந்த காலத்தில், தூக்கு என்றால் கோப்பு தானாகவே உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். ராஜ்பவனில் அந்த ஏற்பாடு இல்லை. யாராவது ரிட் போட்டால்தான் உண்டு.

அப்புறம் 2001 மே. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் முந்தைய ஆண்டு அக்டோபரில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவின் வேட்புமனு நான்கு தொகுதிகளிலும் தள்ளுபடி ஆனது. ஆனால் அவருடைய கட்சி தேர்தலில் ஜெயித்தது. சட்டமன்றக் கட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று 164-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு சொல்கிறது. மே 14-ஆம் தேதி ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். செப்டம்பர் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த நியமனம் செல்லாது என்றது. ஆறு மாதச் சலுகை, தேர்தலில் நிற்கத் தகுதி உள்ளவருக்குத்தான். தகுதி இழந்தவருக்கு இல்லை. பெரும்பான்மைக் கட்சி யாரைக் கைகாட்டினாலும், சாசனத்துக்கு விரோதமான ஆளை ஆளுநர் நியமிக்க வேண்டியதில்லை. அந்த ஐவரில் ஒருவர் ரூமா பால், உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மூன்றாவது பெண் நீதிபதி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1999-இல் மற்றவர் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் தானே முடிவெடுத்தார். 2001-இல் தானே முடிவெடுத்திருக்க வேண்டிய இடத்தில் மற்றவர் சொன்னதை ஏற்றார். சட்டம் தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது; முப்பது வருடத்துக்கு மேல் நீதிபதியாக இருந்தவர். அரசியல் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்கள் உண்டு, அதற்கும் நான் தயாரில்லை. நான் பார்க்கிற காரணம் வேறு. கோர்ட்டில் ஒரு நீதிபதி சரியாக முடிவெடுப்பதற்குப் பாதிக் காரணம் எதிரே நிற்கிற இரண்டு வக்கீல்கள். ஒருவர் 164-ஐ வாசித்தால் இன்னொருவர் எழுந்து, தகுதி இழப்பைச் சொல்கிற 191-ஐ வாசிப்பார். நீதிபதியின் அவசரத்தை, சாய்வை, மறதியைத் திறந்த மன்றத்தில் ஒருவர் பிடித்து இழுப்பார். ராஜ்பவனில் கோப்பு வரும், செயலாளர் வருவார், கட்சிக்காரர்கள் பூங்கொத்தோடு வருவார்கள். ஆட்சேபணை சொல்ல யாரும் வருவதில்லை. அங்கே எடுக்கிற முடிவு எல்லாமே ஒரு வகையில் எக்ஸ்பார்ட்டிதான்.

2001 ஜூன் 30 விடியுமுன் கருணாநிதி கைதான பிறகு நடந்ததும் இதே ரகம். மாநில அரசு சொன்னதையே ஆளுநர் அறிக்கையாக அனுப்பிவிட்டார், தன் சொந்த மதிப்பீடு அதில் இல்லை என்று மத்திய அரசு குறைப்பட்டது. அவரைத் திரும்ப அழைக்கப் பரிந்துரைக்க மத்திய அமைச்சரவை மறுநாள் முடிவு செய்தது. அவர் ராஜினாமா செய்தார். ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் வைத்து எழுதிய அறிக்கை என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த மத்திய அரசில் கருணாநிதியின் கட்சியும் பங்காளி என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கேயும் ஒரு பக்கம்தான் பேசியது.

இதனால் அவர் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. தமிழ்நாட்டில் நாம் அவரைக் கடைசி இரண்டு மாதத்தை வைத்து எடை போடுகிறோம், அது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஓய்வு பெற்ற நீதிபதிகளை ஆளுநர் ஆக்குகிற பழக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம். 2024-இல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்மபூஷண் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

அவருக்குப் பின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் வக்கீல் சாலையில் வந்தவர்கள். கீழிருந்து வந்தவர்களில் நமக்குத் தெரிந்தவர் ஆர். பானுமதி. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்து 1988-இல் நேரடி மாவட்ட நீதிபதி. 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம். 2014-இல் உச்ச நீதிமன்றம். 2006-இல் மதுரைக் கிளையில் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த ஒரு வழக்கில் ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தவர் இவர்தான். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஊரே எதிர்க்கும் என்று தெரிந்தே எழுதியது அது. சர்வீஸ் ஜட்ஜ்களுக்குத் துணிச்சல் கிடையாது என்று சங்க அறையில் யாராவது ஆரம்பித்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

அவர் மாவட்ட நீதிபதியாகவே நுழைந்தவர் என்பதைக் கவனியுங்கள். முன்சீப் படியிலிருந்து ஆரம்பித்திருந்தால் டெல்லி எட்டியிருக்குமா என்பது சந்தேகம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு விதியைத் திரும்பக் கொண்டுவந்தது: சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடமாவது வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். கோர்ட் வாசலையே பார்க்காத பிள்ளைகள் 23 வயதில் மேடையில் உட்கார்ந்து, சாட்சி கையைக் காட்டினால் விழிக்கிற நிலைமைக்கு இது மருந்துதான். எங்கள் சங்கத்தில் பலருக்கு இதில் சந்தோஷம். எனக்கும் ஓரளவுக்கு. ஆனால் சம்பளம் இல்லாத ஜூனியர் வாழ்க்கையை மூன்று வருடம் தாக்குப்பிடிக்கிற வசதி எந்த வீட்டுப் பெண்ணுக்கு இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்தார்களா, தெரியவில்லை. மேல் முனையில் 62-உம் 65-உம் அப்படியே இருக்க, கீழ் முனையில் மட்டும் மூன்று வருடம் கூடியிருக்கிறது. ஏறுவதற்கு இருக்கிற காலம் அதனால் குறைகிறது. இன்றைக்குக் கீழ்க்கோர்ட் தேர்வுகளில் பெண்கள் நிறைய ஜெயிக்கிறார்கள். அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போவதற்கே பதவி உயர்வு விதிகளை இப்போது திருத்தியாக வேண்டும்.